தரங்கம்பாடியில் பாட்டு இல்லை

தமிழில் இப்போது ஒரு புதிய கவிதை வகை உருவாகியிருக்கிறது. அதற்குத் துறைமுகக் கவிதை என்று பெயர் வைக்கலாம். எழுதுவது மிகவும் சுலபம். ஒரு சனிக்கிழமை காலை மாயவரத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துத் தரங்கம்பாடி போய்ச் சேர வேண்டும். நகர வாயில், இரண்டு தேவாலயங்கள், கோட்டை, கடல் என்ற வரிசையில் பார்த்து முடித்து மாலையில் திரும்பிவிட வேண்டும். திரும்புகிற பஸ்ஸில் கவிதை தயாராகிவிடும். அதில் ஓர் அலை இருக்கும். இடிந்த சுவர் ஒன்று இருக்கும். சுவரின் மேல் ஒரு காகம். கடைசி வரியில் தவறாமல் 'காலம்' வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இவை பெரும் பத்திரிகைகளில் வந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். வாரப் பத்திரிகைகளின் பிரயாணக் கட்டுரைகளை நாம் வருஷக்கணக்கில் கேலி செய்து வந்திருக்கிறோம். பார்க்க வேண்டிய இடங்கள் பத்து, சாப்பிட வேண்டிய கடைகள் ஐந்து என்று அவர்கள் ஜாபிதா போடுகிறார்கள் என்பது நமது புகார். அதே ஜாபிதாவை வரிகளாக உடைத்துப் போட்டு நாம் கவிதை என்கிறோம். முந்நூறு பிரதி அச்சடிப்பதால் மட்டும் ஒரு பார்வை தீவிரமாகிவிடாது. எழுதியவர்களின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அவர்களுக்குத் தெரியும், இதைப் படிக்கிற ஐம்பது அறுபது பேருக்கும் தெரியும்.

பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். தரங்கம் என்றால் அலை. ஆகவே தரங்கம்பாடி என்றால் 'அலைகள் பாடும் ஊர்'. சுற்றுலாப் பிரசுரங்கள் இதைச் சொல்லிச் சொல்லி, இன்று கவிஞர்களும் சொல்கிறார்கள். இந்த ஒரு அர்த்தத்தை வைத்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுதிய நண்பர்கள் நம்மிடையே உண்டு. பாடி என்றால் தமிழில் குடியிருப்பு, சேரி, சிற்றூர். காட்பாடியில் காடு பாடுவதாக யாரும் சொல்லவில்லை. வாணியம்பாடியில் வாணியர்கள் பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொல்லவில்லை. கடலோரத்தில் இருக்கிற ஒரே குற்றத்துக்காகத் தரங்கம்பாடியின் பாடி மட்டும் வினைச்சொல் ஆகிவிட்டது. பதினான்காம் நூற்றாண்டில் சடங்கன்பாடி என்று கல்வெட்டில் குறிக்கப்பட்ட ஊர் இது. அலையே பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதுதான். ஆங்கிலத்தில் யாரோ விளம்பரத்துக்காக எழுதிய ஒரு தவறான மொழிபெயர்ப்பைத் திரும்பத் தமிழாக்கித் தமிழ்க் கவிதை தன் ஊற்றாகக் கொள்கிறது. சொல்லோடு புழங்குவதே வேலையாக வைத்திருப்பவன் ஒரு ஊர்ப் பெயரின் இரண்டாவது பாதியைக்கூட யோசிக்காமல் விட்டால், அவனுடைய மற்ற சொற்களை நான் எந்த ஆதாரத்தில் நம்புவது?

இதைப் பண்டிதத்தனமான ஆட்சேபம் என்று சொல்லக்கூடும். சரி, பண்டிதத்தை விட்டுவிடுவோம். 2004 டிசம்பர் 26 காலை அந்த அலை என்ன செய்தது என்று எல்லாருக்கும் தெரியும். கோட்டையின் நிழலில் இருந்த மீனவர் குடியிருப்பில் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. அதற்குப் பிறகும் அந்த ஊரில் அலை பாடுகிறது என்று எழுத ஒருவனுக்குக் கை வருமானால், அவன் எந்த அலையையும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். ஏற்கனவே படித்த ஒரு வாக்கியத்தைக் கடற்கரையில் நின்று மறுபடி படித்திருக்கிறான்.

நான் அந்தப் பக்கத்தில் ஒரு வங்கிக் கிளையில் மூன்று வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். அதனால் இலக்கிய நண்பர்கள் வரும்போதெல்லாம் ஊரைச் சுற்றிக் காட்டும் உத்தியோகமும் எனக்கு வாய்த்தது. வருகிறவர்கள் முதலில் கேட்பது, 'எவ்வளவு நேரம் ஆகும்?' ஒன்றரை மணி நேரம் ஆகும். 1792இல் கட்டிய நகர வாயில் பத்து நிமிஷம். 1701இன் சீயோன் தேவாலயம், 1718இன் புதிய எருசலேம் தேவாலயம், இரண்டுக்கும் சேர்த்து இருபது நிமிஷம். 1620இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டைக்கு அரை மணி. அதில் அருங்காட்சியகத்தின் பீங்கான், வாள், ஈட்டி எல்லாம் அடக்கம். மீதி நேரம் கடலுக்கு. ஓசோன் நிறைந்த காற்று என்று யாரோ சொல்லி வைத்திருப்பதால் மூச்சை நன்றாக இழுத்து விடுவார்கள். ஓசோனைச் சுவாசிப்பது உடம்புக்கு நல்லதல்ல என்று நான் சொன்னால் என்னை ரசனையற்றவன் என்பார்கள்.

ஒருமுறை நகையை மீட்க வந்த வயதான மீனவர் ஒருவர் கவுண்டரில் நின்றுகொண்டு என்னைக் கேட்டார்: 'ஏன் ஸார், கடலப் பாக்கவா அவ்வளவு தூரத்துலேருந்து வராங்க? அதுல பாக்க என்ன ஸார் இருக்கு?' இதைக் கபடமில்லாத கிராமத்தானின் வாக்காக நான் எடுத்துச் சொல்லவில்லை. அவருக்குக் கடலில் பார்க்க நிறைய இருந்தது: நீரோட்டம், நீரின் நிறம், காற்று திரும்புகிற நேரம். எதற்காகப் பார்க்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒன்றுக்காகவும் இல்லாமல் சும்மா பார்ப்பது என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

இந்தச் சும்மா பார்த்தல் எங்கிருந்து வந்தது? ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்தவன் என்ற முறையில் இதற்கான பதிலைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வில்லியம் கில்பின் என்ற பாதிரியார், காட்சியழகைத் தேடிப் பிரயாணம் செய்வது எப்படி என்று வரிசையாகப் புத்தகங்கள் எழுதினார். வை நதிக்கரைப் பிரயாணம் பற்றிய நூல் 1782இல் வந்தது. அதில் டின்டர்ன் மடாலயத்தின் இடிபாடு போதிய அளவு இடியவில்லை என்று அவருக்குக் குறை. முக்கோணச் சுவர்கள் கண்ணை உறுத்துகின்றன. யாராவது ஒரு சுத்தியலைப் பக்குவமாகப் பிரயோகித்தால் நன்றாயிருக்கும் என்று யோசனை சொல்கிறார். இதே காலத்தவர்கள் கையில் க்ளோட் கண்ணாடி என்று ஒரு கறுப்புச் சாயக் குவிகண்ணாடியை வைத்திருந்தார்கள். காட்சிக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடிக்குள் அதன் பிம்பத்தைப் பார்த்து ரசிப்பார்கள். கோட்டைக்கு முதுகைக் காட்டிக் கைபேசியை நீட்டிக்கொண்டு நிற்கிற இளைஞர் கூட்டத்தைப் பார்த்து முகம் சுளிக்கிற நம் கவிஞர், தாமும் இருநூற்றைம்பது வருஷப் பழைய அதே கண்ணாடியைத்தான் பையில் வைத்திருக்கிறார். சிதைவு அழகானது என்று நாம் கற்றது பாடப் புத்தகத்திலிருந்து. கல்லூரியில் மனப்பாடம் செய்த உணர்ச்சி அது.

தமிழ்க் கவிதைக்குச் சிதைவு தெரியாததல்ல. புறநானூற்றில் பாழான ஊர்கள் எத்தனையோ. பகைவன் ஊரின் தெருக்களைத் தேரோட்டிக் குழியாக்கி, கழுதையைப் பூட்டி உழுத செய்தி அங்கே இருக்கிறது. ஆனால் செய்தவனை முன்னால் நிறுத்தித்தான் அந்தச் செய்தி சொல்லப்படுகிறது. யார் அழித்தான், யாருடையதை அழித்தான் என்பது கவிதைக்குள்ளேயே இருக்கும். நமது துறைமுகக் கவிதையில் அழித்தவன் கிடையாது. கடல் இருக்கிறது, காலம் இருக்கிறது. இரண்டும் வழக்குத் தொடர முடியாத பிரதிவாதிகள்.

வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். ஆடிட்டர் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்: இது ஏன் இன்னும் இங்கே கிடக்கிறது? தமிழ்க் கவிதையில் காலம் என்பது சஸ்பென்ஸ் கணக்கு. விசாரிக்கச் சோம்பல்பட்டதையெல்லாம் அதில் போட்டுவிடுகிறார்கள், ஆடிட்டர்தான் வருவதில்லை.

தரங்கம்பாடியைக் காலம் தின்னவில்லை. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரும் டென்மார்க் அரசனின் பிரதிநிதி ஓவே ஜெட்டேயும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். பொன் தகட்டில் தமிழில் எழுதி நாயக்கர் டென்மார்க் அரசனுக்கு அனுப்பிய ஓலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மிளகுக்காகவும் துணிக்காகவும் வந்தவர்கள் இருநூறு வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். ஐரோப்பாவில் நெப்போலியன் யுத்தம். 1808இல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்துக்கொண்டு 1815 வரை வைத்திருந்தார்கள். திரும்பக் கிடைத்தபோது வியாபாரம் போயிருந்தது. 1845இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றார்கள். விலை 12.5 லட்சம் ரூபாய். கொஞ்ச காலம் தஞ்சாவூர் ஜில்லாவின் தலைநகராக இருந்த ஊரிலிருந்து 1860இல் கலெக்டர் கச்சேரி தஞ்சாவூருக்குப் போயிற்று. அடுத்த வருஷமே நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடியது. சரக்கு நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. 1926இல் மாயவரத்திலிருந்து ஒரு கிளை ரயில் வந்தது. 1980களில் அதையும் நிறுத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி, ஒரு கையெழுத்து, ஒரு லாபக் கணக்கு. பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் அரித்தது உண்மை. கடல் செய்தது அந்த ஒரு காரியம். மற்ற எல்லாவற்றையும் கூட்டிக் கடல் தலையில் கட்டுவது கவித்துவம் ஆகாது. அது பொய்க் கணக்கு.

இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு எனக்கு இருக்கிறது. பிழைப்புக்கு எதைச் செய்தாலும் அச்சுக்காக வாழ்கிறவர்கள் நாம். மை, தாள், பிழைதிருத்தம், தபால் செலவு, இவற்றைச் சுற்றியே நமது இலக்கிய வாழ்க்கை. தமிழ் அச்சின் தொடர்ச்சியான சரித்திரம் தொடங்குகிற ஊரில் போய் நின்றுகொண்டு நமக்குக் காகம்தான் கண்ணில் படுகிறது.

இந்தியாவின் முதல் அச்சகம் தரங்கம்பாடியில் என்று பிரயாணக் கட்டுரைகள் எழுதுகின்றன. தவறு. கோவாவில் 1556இலேயே அச்சகம் வந்துவிட்டது. 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. ஆனால் அந்த முயற்சி அறுந்துபோயிற்று. 1706 ஜூலையில் சீகன்பால்கு என்ற இருபத்து நான்கு வயது ஜெர்மானியர் வந்து இறங்கினார். பள்ளிக்கூடத்துப் பையன்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். கம்பெனியின் டேனிஷ் தளபதியே அவரைக் கோட்டையில் நான்கு மாதம் அடைத்து வைத்தான். லண்டனிலிருந்து 1712இல் அச்சு இயந்திரம் வந்தது. 1713இல் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. 1714இலும் 1715இலுமாகப் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது. வந்த எழுத்துகள் பெரிதாக இருந்து தாளைத் தின்றன. சீமையிலிருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார்கள் என்று சொல்லப்படுகிறது. தாளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலை வைத்தார்கள். தாள் விலை ஏறியதால் இதழ் நின்றுபோன துக்கத்தை அனுபவித்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர். அந்த ஊரில் நமக்குச் சொந்தமானது இந்தக் கதைதான்.

உடனே இரண்டு பக்கத்திலிருந்தும் குரல் வரும். ஒரு பக்கம், தமிழுக்கு அச்சைக் கொடுத்த வள்ளல் என்று சிலைக்கு மாலை. இன்னொரு பக்கம், மதம் மாற்ற வந்த அந்நியன் என்று கோபம். இரண்டு கட்சிக்கும் பார்வை ஒன்றுதான்: வெள்ளைக்காரனை மட்டும் பார்ப்பது. அந்த அறையில் இருந்த தமிழர்கள் இருவர் கண்ணுக்கும் படுவதில்லை. சீகன்பால்குவுக்குத் தமிழ் சொல்லித் தந்த கிழவாத்தியார் ஒருவர் இருந்தார். கம்பெனியின் துபாஷாக இருந்த, பல ஐரோப்பிய பாஷைகள் பேசிய அழகப்பன் இருந்தார். ஊர் ஊராய்ப் போய் ஏடு வாங்கியும் பிரதி செய்தும் வந்த எழுத்துக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் சேர்த்துத் தந்த நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு 1708இலேயே சீகன்பால்கு குறிப்புகளோடு ஜாபிதா எழுதினார். இந்த ஜாபிதாவோடு ஒப்பிட்டால் நமது 'பார்க்க வேண்டிய இடங்கள்' ஜாபிதா வெட்கப்பட வேண்டும். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதி அனுப்பிய பெரிய நூலை ஹாலேயில் அச்சிட மறுத்துவிட்டார்கள். விக்கிரக வழிபாட்டை ஒழிக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதாவது என்று மேலிடத்துக்கு எரிச்சல். அந்த நூல் 1867இல் சென்னையில்தான் அச்சாயிற்று.

இவற்றுக்கெல்லாம் மேலான ஒன்று இருக்கிறது. 1712க்கும் 1714க்கும் இடையில் பாதிரிமார்கள் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர்கள் பதில் எழுதினார்கள். கடவுள், பாவம், கல்யாணம், மருத்துவம், ஐரோப்பியர்களின் நடத்தை என்று பல விஷயங்கள். அப்படி 99 கடிதங்கள் ஹாலேயில் ஜெர்மன் மொழியில் பிரசுரமாயின. எழுதியவர்களின் பெயர்கள் அச்சில் இல்லை. அழகப்பனின் கை பலவற்றில் இருந்ததாக ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். தமிழ் மூலம் நமக்குக் கிடைக்கவில்லை. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தமிழன், வேற்று மனிதன் ஒருவனுக்குத் தன்னை உரைநடையில் விளக்கிச் சொல்ல முயன்றான். அந்த உரைநடை போய்விட்டது. ஜெர்மன் நிழல்தான் மிஞ்சியிருக்கிறது. தரங்கம்பாடியின் இடிபாடு என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். இது கோட்டைச் சுவரில் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் பார்க்கவும் முடியாது.

வடக்கே இருபது கிலோமீட்டருக்குள் பூம்புகார். அங்கே நேர் எதிரான அபத்தம் நடந்திருக்கிறது. ஊர் போய்விட்டது, காவியம் இருக்கிறது. காவியத்தைப் படிப்பதற்குப் பதிலாக 1973இல் அதை ஏழு நிலை மாடமாகக் கட்டிவிட்டோம். தரங்கம்பாடியில் ஊர் இருக்கிறது, படிக்க வேண்டியதைப் படிக்கவில்லை. ஒரு இடத்தில் எழுத்தைக் கட்டடமாக்கினோம். இன்னொரு இடத்தில் கட்டடத்தைக் காரணம் காட்டி எழுத்தைத் தவிர்த்தோம். முன்னதைக் கேலி செய்ய நமக்குத் தைரியம் உண்டு. அது அரசியல்வாதி செய்தது. பின்னது நாம் செய்தது.

பழைய வீடுகளைப் பழுது பார்த்து நிறுத்தியவர்கள் மீது எனக்குப் புகார் இல்லை. சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்களுக்கு வேலை கிடைத்தது நல்லதுதான். விழவிருந்த கூரை நிற்பது விழுந்த கூரையைவிட மேலானது. ஆனால் 2004க்குப் பிறகு மீனவர்களுக்குக் கடலிலிருந்து தள்ளிப் புதுக் குடியிருப்புகள் எழுந்தன. கடலுக்கு மிக அருகில் தூங்குவதற்கு வெளியூர்க்காரர்கள் பணம் கொடுக்கிறார்கள். அபாயம் என்று ஒருவனை நகர்த்திய அதே இடம் இன்னொருவனுக்குக் காட்சியாகிவிட்டது. துறைமுகக் கவிதை இந்த இரண்டாமவனின் ஜன்னலிலிருந்து எழுதப்படுகிறது. எழுதியவர் வாடகை கொடுக்காமல் பகல் பஸ்ஸில் வந்து போனவராக இருக்கலாம், ஜன்னல் அதேதான்.

கவிஞன் சரித்திர ஆசிரியன் இல்லையே என்பது கடைசி வாதம். இல்லைதான். உடன்படிக்கைகளைக் கவிதையில் வரிசைப்படுத்தச் சொல்லவில்லை. ஒரு தென்னையைப் பற்றி எழுதுங்கள்; கவுண்டரில் என்னைக் கேள்வி கேட்ட கிழவரைப் பற்றி எழுதுங்கள்; எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் பழைய ஊரின் கனத்தைக் கவிதைக்குக் கடன் வாங்குகிறவன் அந்தக் கடனுக்கு ஜாமீன் காட்ட வேண்டும். நானூறு வருஷம் என்று ஒரு வரியில் எழுதினால் அந்த நானூறில் நாலு வருஷமாவது தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சொல்லின் கனம் கவிதையுடையதல்ல, கோட்டைச் சுவருடையது. சுவர் அதற்கு அனுமதி கொடுக்கவில்லை.

இந்தப் பத்திரிகையின் ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இன்னொரு தரங்கம்பாடிக் கவிதை தபாலில் வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். எழுதியவருக்கு ஒரு கார்டு போட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஊரை விற்றது யார்? என்ன விலைக்கு? அங்கே தமிழ் சொல்லித் தந்தவர்கள் யார்? பதில் வந்தால் கவிதையைப் பிரசுரியுங்கள். வராவிட்டால் அந்தப் பக்கத்தை எனக்குத் தாருங்கள். அந்த 99 கடிதங்களில் ஒன்றைத் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவர யாரையாவது பிடிக்கிறேன்.